வேப்பிலையும் அம்மைப்பாலும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தில் ஆண்டு முடிவில் ஐந்தொகை தயாரிக்கப்படுகிறது. வரவு இவ்வளவு, பற்று இவ்வளவு, பிறர் தரவேண்டியது இவ்வளவு, பிறருக்குத் தரவேண்டியது இவ்வளவு என்று ஒவ்வோர் இனமும் தனித்தனியே எழுதப்பட்டு, ரசீதுகளோடும் பேரேட்டோடும் ஒத்துப் பார்க்கப்படுகிறது. தலைவர் யோக்கியர், காரியதரிசி ஊரில் மதிப்புள்ளவர் என்பதற்காகத் தணிக்கையை ஒருவரும் விட்டுவிடுவதில்லை. தணிக்கை செய்வது அவர்களை அவமதிப்பதும் ஆகாது. நேரான கணக்கு தணிக்கையினால் பின்னும் மதிப்புப் பெறுகிறது. பொய்க்கணக்கு ஒன்றே தணிக்கையைக் கண்டு அஞ்சுகிறது.

கிராமத்தின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் இவ்வாறே ஐந்தொகை போட்டுப் பார்த்தல் கூடும். ஆயினும் அப்படிச் செய்வோர் சிலரே. படித்தவரிற் சிலர், பழைய வழக்கம் யாவும் மூடத்தனம் என்று ஒரே வாக்கில் தள்ளிவிடுகின்றனர். ஊரில் வேறு சிலர், முன்னோர் செய்தது யாவும் சரியே என்று ஒரே வாக்கில் ஏற்றுக்கொள்கின்றனர். இவ்விரு திறத்தாரும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பதில் ஒத்தவராவர். சமயம், பண்பாடு, விஞ்ஞானம், மூடநம்பிக்கை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு விஷயத்தை எடுத்து, இனம் இனமாகப் பிரித்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். அவ்விஷயம் அம்மை நோய்.

1. ஒரே இலை, நான்கு கைகள்

வேப்பிலைக் கொத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் அதை மாரியம்மன் சந்நிதியில் வைத்து, தன் குழந்தை பிழைக்க வேண்டுமென்று வேண்டுகிறாள். அது சமயம். அஞ்சிய உள்ளத்திற்கு அது ஆறுதலும் உறுதியும் அளிக்கிறது. அவளே மற்றொரு கொத்தைத் தன் வீட்டு நிலையில் செருகுகிறாள். வருவோர் யாவரும் ஒரு வார்த்தையும் கேளாமல் செய்தியை அறிந்து, வாசலிலிருந்தே திரும்பிச் செல்கின்றனர். அது பண்பாடு, ஊரார் தமக்குள் நெடுங்காலமாக வகுத்துக்கொண்ட ஒழுங்கு. மூன்றாமவர் ஒருவர், "இலை செருகிய வீடுகளில் எத்தனை பேருக்கு நோய் பரவிற்று? செருகாத வீடுகளில் எத்தனை பேருக்குப் பரவிற்று?" என்று எண்ணிப் பார்க்கிறார். அது விஞ்ஞானம். நான்காமவர், "வேப்பிலை கட்டியாயிற்று, இனி வைத்தியரை அழைத்தால் அம்மன் கோபிப்பாள்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். அது மூடநம்பிக்கை.

இலை ஒன்றே, அதைப் பிடித்த கைகள்தாம் வேறு. ஆகவே மூடநம்பிக்கை என்பது இலையிலும் இல்லை, வழிபாட்டிலும் இல்லை. ஒரு நம்பிக்கை தன்னைச் சோதித்துப் பார்க்க இடங்கொடாமல், அதனால் ஓர் உயிருக்குக் கிடைக்கக்கூடிய உதவியையும் தடுத்து நிற்குமாயின், அப்பொழுதே அது மூடநம்பிக்கை ஆகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்வரும் கணக்கை நேராக எழுதலாம்.

2. வைசூரி இருந்த காலம்

இன்று நாற்பது வயதுக்கு உட்பட்ட எவரும் வைசூரியைக் கண்டதில்லை. பெரியம்மை என்றும் அதற்குப் பெயர். தடுப்பு இல்லாதவரை அதன் கொடிய வகை பற்றினால், பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் மாண்டனர். பிழைத்தவர் முகத்தில் வடு நிலைத்தது, சிலர் கண்ணிழந்தனர். நோயாளியின் மூச்சாலும், இருமலாலும், கொப்புளத்து நீராலும், அவர் கிடந்த துணியாலும் அது பரவிற்று. நோய் பற்றிய பின் ஏறக்குறைய 12 நாள் யாதொரு குறியும் தோன்றாது. பின்னர்க் கடுஞ்சுரமும், அதன்பின் கொப்புளங்களும் கண்டன. இன்ன நாளில் இன்னாரிடமிருந்து வந்தது என்று தெரியாதபடி மறைந்து வந்து, ஒரே வீட்டில் ஒருவரை விட்டு மற்றவரைப் பற்றிய நோயை, காணாத ஒரு சக்தியின் செயல் என்று ஜனங்கள் கருதியதில் வியப்பில்லை. நோய்க்கிருமியைக் கண்ணால் காட்டும் கருவி அக்காலத்தில் எந்த நாட்டிலும் இல்லை.

மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். வறண்ட மாதங்களில் வைசூரி மிகுந்து, மழைக்காலம் வந்தபின் தணிந்தது. வட நாட்டில் அம்மைத் தெய்வத்திற்குச் சீதளை, அதாவது குளிர்ச்சியுடையவள், என்று பெயர். வெப்பத்தில் வரும் நோய்க்குக் குளிர்ச்சியே மருந்து என்னும் கருத்து இரு இடங்களிலும் ஒன்றாகவே இருக்கிறது. பருவத்தைக் கவனித்த வரையில் முன்னோர் கணக்குச் சரியே. வெப்பமே காரணம் என்று எழுதியதுதான் பிழை. காரணம் ஒரு நுண்கிருமி. பருவம் அதன் பரவுதலுக்குத் துணைமட்டுமே செய்தது.

3. வழக்கங்களின் வரவு

அம்மை கண்ட வீட்டில் அனுசரிக்கப்படும் வழக்கங்களில் பல இன்றும் வரவுப் பக்கத்தில் எழுதத் தக்கவை.

வாசலில் வேப்பிலை செருகுவது முதலாவது. எழுத்தறியாதவரும் அறியும் அறிவிப்புப் பலகை அது. அந்நியர் உள்ளே வருவதில்லை. வீட்டார் பிறர் வீடு செல்வதில்லை. விருந்தும் சுபகாரியமும் நிறுத்தப்படும். தொற்று வியாதிக்குச் சுகாதார அதிகாரிகள் விதிக்கும் தனிமைப்படுத்தலை, உத்தரவும் அபராதமும் இன்றி ஊர் தானே செய்துகொள்கிறது. மாரியம்மன் திருவிழாவிற்குக் காப்புக் கட்டியபின் ஊரை விட்டு வெளியே சென்று இரவு தங்கலாகாது என்னும் கட்டுப்பாடும், நோய்க்காலத்தில் இதே பயனைத் தந்திருக்கும்.

இளநீர், மோர், கூழ், கஞ்சி முதலிய எளிய ஆகாரம் கொடுப்பது இரண்டாவது. சுரத்தில் உடல்நீர் வற்றாமல் காப்பதற்கு இவை ஏற்றவை. கொப்புளம் உலர்ந்து பொருக்கு உதிரும்வரை தனியே வைத்திருந்து, அதன் பின்னரே தலைக்குத் தண்ணீர் வார்ப்பது மூன்றாவது. பொருக்குகள் உலர்ந்த பின்னரே நோயாளி பிறரோடு கலக்கலாம் என்று இக்கால வைத்தியமும் கூறுகிறது.

நான்காவது, எல்லாவற்றினும் உயர்ந்தது. அம்மை கண்டவரை ஒருவரும் அருவருப்பதில்லை. கொப்புளத்தை முத்து என்பர். "தாய் இறங்கியிருக்கிறாள்" என்பர். படுத்திருக்கும் குழந்தையிடமும் மரியாதையாகப் பேசுவர். குஷ்டரோகத்திற்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அதை முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று சொல்லி, நோயாளியை ஊருக்கு வெளியே துரத்தினர். 1873இல் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் அந்நோய்க்குரிய கிருமியைக் கண்டார். இப்பொழுது அது மருந்தினால் முற்றும் குணமாகிறது. நோயாளியை வணங்கியதும் துரத்தியதும் ஒரே ஊரின் நம்பிக்கைகளே. எனவே, பழைய நம்பிக்கை யாவும் ஒரே தரத்தவை என்று எண்ணுதல் கூடாது.

4. வழக்கங்களின் பற்று

இனிப் பற்றுப் பக்கம். மருந்து கொடுத்தால் அம்மன் சினப்பாள் என்று வைத்தியரை விலக்குவது இதில் முதலாவது. இதனால் நேர்ந்த நஷ்டம் உயிர் நஷ்டமாதலால் வேறெந்த இனத்தாலும் ஈடு செய்ய முடியாதது. தடுப்பு வைத்துக்கொள்வது தெய்வத்தோடு போட்டியிடுவதாகும் என்று குழந்தைகளை ஒளித்துவைத்தது இரண்டாவது. அறையைக் காற்றும் வெளிச்சமும் புகாதபடி அடைத்துவைப்பதும், கண்ணில் இலைச்சாறு பிழிவதும், சுரத்தோடு பேதியும் கண்ட குழந்தைக்குப் பத்தியம் என்ற பெயரால் ஆகாரத்தை அறவே குறைப்பதும் பின் வருவன.

மற்றோர் இனம் கணக்கில் பெரும்பாலும் எழுதப்படாமலே போகிறது. நோய் கண்டவுடன், "வீட்டில் யாரோ தீட்டுடன் நடமாடிவிட்டார்கள்" என்று காரணம் தேடுவர். பழி பெரும்பாலும் அவ்வீட்டு மருமகள் தலையிலேயே விழும். தன் குழந்தை துடிப்பதைக் கண்டு வருந்துபவளுக்கு, அவ்வருத்தத்திற்குக் காரணமும் நீயே என்னும் சொல் எவ்வளவு கொடியது! கிருமிக்குத் தீட்டும் தெரியாது, மருமகளும் தெரியாது. விஞ்ஞானம் நோயை மட்டுமன்றி, இத்தகைய வீண் பழியையும் நீக்குகிறது.

5. சமயமும் விஞ்ஞானமும் பகையா?

சமயம் என்றால் அறியாமை, விஞ்ஞானம் என்றால் நாத்திகம் என்று சிலர் நினைக்கின்றனர். அம்மை நோயின் சரித்திரம் இதற்கு இடங்கொடுக்கவில்லை.

தடுப்பூசி தோன்றுமுன் மனித அம்மையையே சிறிதளவு எடுத்து உடம்பில் குத்தும் முறை வழங்கிற்று. அதனால் பெரும்பாலும் இலேசான அம்மை கண்டு, பின்பு வாழ்நாள் முழுதும் பெரியம்மை அணுகாது. வங்காளத்தில் டீக்காதாரர் என்போர் ஆண்டுதோறும் கிராமங்களுக்குச் சென்று இதைச் செய்தனர். ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767இல் லண்டன் வைத்தியர்களுக்கு இம்முறையை விரிவாக எழுதினார். குத்துவோர் அம்மைத் தெய்வத்தை வணங்கும் வாசகங்களை ஓதிக்கொண்டே குத்தியதையும், முந்தின ஆண்டில் எடுத்துவைத்த அம்மைநீரையே பயன்படுத்தியதையும், அதற்கு முன்னும் பின்னும் ஆகார விதிகளை வகுத்ததையும் அவர் அதிற் குறித்தார். இங்கே வணக்கமும் சோதித்தறிந்த முறையும் ஒரே கையில் இருந்தன. தெய்வத்தின் பெயரால் ஊசி மறுக்கப்படவில்லை. தெய்வத்தின் பெயரைச் சொல்லியே குத்தப்பட்டது.

கடலுக்கு அப்பாலும் இதுபோன்ற நிகழ்ச்சி உண்டு. 1721இல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் வைசூரி பரவியது. காட்டன் மாதர் என்னும் கிறிஸ்தவப் போதகர், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒனேசிமஸ் என்னும் தம் அடிமையிடமிருந்து, அம்மை குத்தும் முறையை முன்பே கேட்டறிந்திருந்தார். நகரத்தில் இதைச் செய்யவேண்டும் என்று வற்புறுத்தியவர் அப்போதகர். கடுமையாக எதிர்த்தவர் பட்டம் பெற்ற வைத்தியராகிய டக்ளஸ். பாய்ல்ஸ்டன் என்னும் மற்றொரு வைத்தியர் மட்டும் துணிந்து குத்தினார். முடிவில் கணக்குப் பார்த்தனர். இயல்பாக நோய் கண்ட ஏறக்குறைய 6,000 பேரில் 844 பேர் மாண்டனர். குத்திக்கொண்ட ஏறக்குறைய 240 பேரில் 6 பேரே மாண்டனர். அதாவது 100க்கு 14 ஓரிடத்தில், 100க்கு 2 அல்லது 3 மற்றோரிடத்தில். போதகர் சொன்னார் என்பதாலும் அன்று, வைத்தியர் மறுத்தார் என்பதாலும் அன்று, கணக்கு காட்டியதாலேயே உண்மை நிலைபெற்றது.

6. அம்மைப்பால் வந்த வரலாறு

மனித அம்மையைக் குத்துவதில் ஆபத்து முற்றும் நீங்கவில்லை. குத்திக்கொண்டவரிற் சிலர் மாண்டனர். அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவதும் உண்டு. இங்கிலாந்தில் பால் கறக்கும் பெண்களின் கையில், மாட்டம்மை என்னும் இலேசான கொப்புளம் வரும். அது வந்தவரை வைசூரி அணுகாது என்பது அந்நாட்டுக் குடியானவர் பேச்சு. இதுவும் படிக்காதவரின் நம்பிக்கையே. எட்வர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர் அதை இகழவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. 1796 மே 14ஆம் தேதி, பால்காரப் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். ஜூலை மாதத்தில் அதே சிறுவனுக்கு மனித அம்மையைக் குத்திப் பார்த்தார், நோய் காணவில்லை. மேலும் பலரிடம் விசாரித்து, 1798இல் நூலாக வெளியிட்டார். குடியானவர் நம்பிக்கை சோதனையில் தேறி விஞ்ஞானம் ஆயிற்று. அக்காலத்திலும் இங்கிலாந்தில், மாட்டம்மை குத்தினால் உடம்பில் மாடு முளைக்கும் என்று கேலிச்சித்திரம் வரைந்தவர் இருந்தனர். ஆகையால் மூடநம்பிக்கை கீழை நாட்டாருக்கு மட்டும் உரிய சொத்து அன்று.

1802 ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவில் முதன்முதல் அம்மைப்பால் குத்திப் பலித்தது. பாக்தாத், பாஸ்ரா வழியாக, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றி அதைக் கொண்டுவந்தனர். அங்கிருந்து சென்னைக்கும் பிற இடங்களுக்கும் அது பரவிற்று. நெடுங்காலம் இவ்வாறு கைக்குக் கை மாற்றியே குத்தி வந்தனர். பின்னர்க் கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுக்கும் முறை வந்தது. சென்னைக்கு அருகே கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் இந்த அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே முதலில் ஏற்பட்டது.

அம்மை குத்துவோர் ஊருக்குள் வந்தால் தாய்மார் குழந்தைகளோடு ஒளிந்துகொண்ட கதை பல கிராமங்களில் உண்டு. அவர்கள் யாவரையும் மூடர் என்று சொல்லுதல் நியாயமன்று. கைக்குக் கை மாற்றிக் குத்திய காலத்தில், ஒரு குழந்தையின் புண்ணிலிருந்து எடுத்ததை மற்றொரு குழந்தைக்கு ஏற்றினர். அதனால் வேறு வியாதிகள் பரவியதும் உண்டு. எட்டாம் நாள் வந்து, குத்திய புண்ணைக் கீறி நீர் எடுத்துச் சென்றனர். கோடை வெப்பத்தில் அம்மைப்பால் கெட்டுப்போய்ப் பலியாமல் போவதும் உண்டு. "குத்திக்கொண்ட பிள்ளைக்கும் வைசூரி வந்ததே" என்று ஒருவர் சொன்னால், அது பொய்யன்று. கண்டது கண்டபடி சொன்னதேயாகும். ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுதும் போதும் என்று ஜென்னர் நம்பியதும் தவறாயிற்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி குத்த வேண்டியிருந்தது.

இக்குறைகளை மறைக்காமல் ஆராய்ந்து திருத்தியதே விஞ்ஞானத்தின் பெருமை. கைக்குக் கை மாற்றுவது நின்றது. வெப்பத்தில் கெடாதபடி உலர்த்திய அம்மைப்பால் வந்தது. எவரும் எளிதில் கையாளத்தக்க இருமுனை ஊசி வந்தது. விஞ்ஞானமும் தவறு செய்கிறது; ஆனால் தன் தவறைத் தன் பேரேட்டிலேயே எழுதிக்கொள்கிறது. மூடநம்பிக்கைக்குப் பேரேடு கிடையாது. பலித்தால் தன் பெருமை என்கிறது. பலியாவிட்டால், "உன் பக்தி போதவில்லை" என்று பிறர்மேல் பற்று எழுதுகிறது.

7. வைசூரி போயிற்று, அம்மன் இருக்கிறாள்

இந்திய சர்க்கார் 1962இல் வைசூரியை ஒழிக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கினர். 1967இல் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாடுகளிலும் அவ்வேலையைத் தீவிரப்படுத்திற்று. நோய் கண்ட வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவ்வீட்டைச் சுற்றியுள்ள யாவருக்கும் தடுப்பு வைப்பதே கையாண்ட உபாயம். நோயை அறிவித்தவருக்கு வெகுமதியும் தரப்பட்டது. வீடு வீடாகச் சென்ற ஊழியர்கள் நோய் கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி, "இத்தகைய நோயை எங்கேனும் கண்டீர்களா?" என்று கேட்டனர். 1974இல் நம் நாட்டில் பெருங்கொள்ளையாகப் பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்த அந்நோய், அடுத்த ஆண்டு மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் காணப்படவில்லை. 1977இல் சோமாலியா தேசத்தில் ஒருவருக்குக் கண்டதே இயற்கையாகப் பரவியதில் கடைசி. 1980 மே 8ஆம் தேதி, உலகத்தை விட்டு வைசூரி ஒழிந்தது என்று உலக சுகாதார மகாசபை அறிவித்தது. மனித முயற்சியினால் முற்றும் ஒழிந்த மனித வியாதி இஃது ஒன்றே.

இனி ஒன்றைக் கவனிக்கவேண்டும். வைசூரி போனால் மாரியம்மன் வழிபாடும் போய்விடும் என்று அஞ்சியோரும் உண்டு; எதிர்பார்த்தோரும் உண்டு. இரண்டும் நடக்கவில்லை. சமயபுரத்தில் கூட்டம் குறையவில்லை. அங்கே பக்தர்களின் நலத்திற்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது. ஆடி மாதத்தில் ஊர்தோறும் கூழ் வார்க்கின்றனர். ஊசியினால் அம்மனுக்கு நேர்ந்த குறை ஒன்றுமில்லை. குழந்தைகளைக் காக்க வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக அவள் சந்நிதியில் வைத்த வேண்டுதல் நிறைவேறிற்று என்று பக்தர் கொள்வாராயின், அதற்கு விஞ்ஞானம் தடை சொல்வதில்லை. தெய்வ பக்தி நோயை நம்பிப் பிழைக்கவில்லை. நோயைப் பற்றிய அச்சத்தை நம்பிப் பிழைத்தது மூடநம்பிக்கையே.

8. இன்றுள்ள அம்மைகள்

வைசூரி ஒழிந்ததனால் அம்மை என்ற பெயரே ஒழிந்துவிடவில்லை. தட்டம்மை, சின்னம்மை முதலியன இன்றும் உள்ளன. பழைய அச்சமும் பழைய பத்தியமும் இவற்றின்மேல் வந்து நிற்கின்றன.

தட்டம்மையை மணல்வாரி என்றும் சொல்வர். விளையாட்டு நோய் என்று கருதுவது தவறு. மெலிந்த குழந்தைகளுக்கு இதனால் சீதசுரம் என்னும் நுரையீரல் சுரமும், பேதியும், மூளைக் காய்ச்சலும், கண் பார்வைக் கேடும் நேரும். தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் நான்கு நாள்வரை இது பிறருக்குப் பரவும். வைத்தியர் இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து உயிரையும் கண்ணையும் காக்க உதவும். இதற்குரிய தடுப்பூசி 1985 முதல் நம் நாட்டுத் தேசியத் திட்டத்தில் சேர்ந்துள்ளது. குழந்தைக்கு 9 மாதம் நிறைந்த பின் ஒருமுறையும், இரண்டாம் வயதில் மறுமுறையும் இலவசமாகப் போடப்படுகிறது. 2017இல் தட்டம்மையோடு ரூபெல்லா நோயையும் தடுக்கும் ஊசி தமிழ்நாட்டில் தொடங்கியபொழுது, அதனால் கேடு விளையும் என்னும் வதந்தி கைப்பேசி வழியே பரவிப் பெற்றோர் பலர் அஞ்சினர். பூசாரியும் இல்லை, உடுக்கையும் இல்லை. ஆயினும் சோதிக்காமல் நம்பியதனால் அதுவும் மூடநம்பிக்கையே. புதிய கருவி வழியே வருவதனாலேயே ஒரு செய்தி அறிவாகிவிடாது.

சின்னம்மை பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே தணிந்துவிடும். இங்கேதான் மூடநம்பிக்கை பிறக்கும் வழியைத் தெளிவாகக் காணலாம். தானே தணியும் நோயில் எதைச் செய்தாலும் பலித்ததாகவே தோன்றும். வேப்பிலை தடவியவர் வேப்பிலையால் குணம் என்பார். தாயத்துக் கட்டியவர் தாயத்தால் என்பார். ஒன்றும் செய்யாதவருக்கும் அதே நாளில் குணமாகியிருக்கும். அக்கி என்னும் கொப்புளமும் இத்தகையதே. குயவரிடம் சென்று காவிக் குழம்பால் உருவம் எழுதிக்கொண்டால் அக்கி இறங்கும் என்பது வழக்கம். உண்மையில் அக்கி, முன்னே வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, பல ஆண்டுகளுக்குப் பின் தலைகாட்டுவதாகும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கொப்புளம் ஆறும். ஆனால் முதல் மூன்று நாட்களுக்குள் வைத்தியரிடம் சென்றால், நோயின் கடுமையைக் குறைக்கும் மருந்து உண்டு. கண்ணருகே வந்தால் தாமதம் பார்வையையே கெடுக்கும். காவி எழுதுவதால் தீங்கில்லை. அந்த மூன்று நாளைக் காவிக்கே கொடுத்துவிடுவதால்தான் தீங்கு.

வேப்பிலையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சில கிருமிகளை எதிர்க்கும் சத்து அதில் உண்டு என்று ஆராய்ச்சிசாலைகளில் கண்டுள்ளனர். வாசலில் செருகிய இலை வீட்டினுள் நோய் பரவுவதைத் தடுக்கும் என்பதற்கோ, உடலில் தடவிய இலை சின்னம்மையைக் குணமாக்கும் என்பதற்கோ ஆதாரம் இல்லை. ஆதலால் இலை அறிவிப்பாக நிற்கட்டும். மருந்தாக நிற்க வேண்டாம்.

சின்னம்மை கண்ட வயதுவந்தோர், கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. இவர்களை உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். மூச்சுத் திணறல், தெளிவற்ற பேச்சு, ஓயாத வாந்தி, நீரும் அருந்த முடியாமை ஆகிய குறிகள் எவருக்குக் கண்டாலும் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. குழந்தைகளுக்குச் சுரம் தணிய ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தல் கூடாது. அதனால் ஈரலும் மூளையும் கெடும் அபாயம் உண்டு.

9. தணிக்கைக்குரிய மூன்று கேள்விகள்

எந்த நம்பிக்கையையும் தணிக்கை செய்ய மூன்று கேள்விகள் போதும். முதலாவது: இதனால் எவருக்கேனும் தீங்கு உண்டா? இரண்டாவது: இது வேறு உதவியைத் தடுக்கிறதா? மூன்றாவது: பலித்த இடங்களைப் போலவே பலியாத இடங்களையும் எண்ணிப் பார்த்தாயிற்றா? கோயிலுக்குச் செல்வதும், கூழ் வார்ப்பதும், வாசலில் இலை செருகுவதும் முதல் இரண்டு கேள்விகளிலும் தேறிவிடும். அவற்றைக் கைவிடச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. வைத்தியரை விலக்குவதும், குழந்தையை ஊசிக்கு ஒளிப்பதும், மருமகளைப் பழிப்பதும் முதற்கேள்வியிலேயே தோற்றுப்போகும்.

சங்க அங்கத்தினர்களுக்கு இம்முறை புதிதன்று. கடன் தலைவிதி, வட்டி கடவுள் விட்ட வழி என்று குடியானவர் ஒருகாலத்தில் எண்ணியிருந்தனர். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்து, செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் கிராமத்தில் சென்னை மாகாணத்தின் முதற் சங்கம் ஏற்பட்டபொழுது, அவ்வெண்ணம் தணிக்கைக்கு உட்பட்டது. பலர் சேர்ந்து நாணயமாக நடந்தால் வட்டி குறையும் என்று கணக்கே காட்டிற்று. விதி என்று எண்ணியது ஏற்பாட்டுக் குறை என்று விளங்கியது. நோய் விஷயத்திலும் இஃதே நியாயம்.

ஆகவே, கோயில் தர்மகர்த்தாவையும் பூசாரியையும் பகைத்துக்கொண்டு செய்யும் சீர்திருத்தம் நிலைக்காது. அவர்களையே துணையாகக் கொள்ளவேண்டும். திருவிழாவிற்குக் காப்புக் கட்டும் நாளில், தடுப்பூசி போடாத குழந்தைகளின் பெயரைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுக்குமாறு கோயிலிலிருந்தே அறிவிக்கலாம். அம்மை கண்ட வீட்டாருக்கு வேண்டிய பாலையும் அரிசியையும் வாசலில் கொண்டுவைக்கச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். அதனால் அவ்வீட்டார் வெளியே வரவேண்டிய அவசியம் இராது. வைத்தியச் செலவுக்கு அஞ்சித் தாமதிப்போரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல ஒருவரை நியமிக்கலாம். வேப்பிலை செருகிய கையே குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தூக்கிச் செல்லுமாயின், அக்கிராமத்தில் சமயமும் பண்பாடும் விஞ்ஞானமும் ஒன்றாய் வாழும். மூடநம்பிக்கை ஒன்றே இடமின்றிப் போகும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் அம்மை கண்ட வீட்டில் அனுசரிக்கும் வழக்கங்களை வரிசையாக எழுதி, எவை வரவு, எவை பற்று என்று காரணத்தோடு பிரித்துக் காட்டுக.

2. தானே தணியும் நோய்கள் வேறு எவை? அவற்றிற்குச் செய்யப்படும் பரிகாரங்கள் பலித்ததாகத் தோன்றுவது ஏன்?

3. 1721இல் பாஸ்டன் நகரத்துக் கணக்கிலிருந்து, ஆயிரம் பேருக்கு அம்மை குத்தியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று ஏறக்குறையக் கணக்கிடுக.

4. பொன்னுக்குவீங்கி கண்ட குழந்தைக்குக் கழுத்தில் பொற்சங்கிலி அணிவிக்கும் வழக்கத்தை மேற்கூறிய மூன்று கேள்விகளால் தணிக்கை செய்க.

5. சென்ற ஆண்டில் உங்கள் ஊரில் கைப்பேசி வழியே பரவிய நோய்ச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை நம்புமுன் யாரிடம், எவ்வாறு விசாரித்திருக்கவேண்டும் என்று கூறுக.